தள்ளாடும் குட்டிக்கு ஒரு தரை

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பூனைக்குட்டி கால்களை அகட்டி வைத்து நிற்கிறது. நாலு எட்டு வைத்ததும் சாய்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் வர வர தலையாட்டம் கூடுகிறது. தூங்கும்போது எடுத்த துண்டில் ஆட்டமே இல்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சிறுமூளை சரியாக வளராமல் பிறந்த குட்டி என்றுதான் படுகிறது. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பன்லியூகோபீனியா என்ற பூனை நோயின் கிருமி தாக்கினால் இப்படி ஆகும். உடம்பைச் சமன் செய்யும் பகுதி வளர வேண்டிய நேரத்தில் கிருமி அதை அழித்துவிடுகிறது. கூடப் பிறந்த குட்டிகள் நன்றாக ஓடியாடினாலும் இது மட்டும் இப்படி இருக்கலாம்.

இதில் வலி கிடையாது. மருந்தும் கிடையாது. வர வர மோசமாவதும் இல்லை, ஆயுளும் பொதுவாக மற்ற பூனைகளைப் போலத்தான். "ஊசி போட்டு முடித்துவிடு" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்றாயே, அதைக் காதில் வாங்காதே. தட்டைத் தேடி வந்து தின்கிற குட்டி அது. குட்டியை மாற்றப் பார்க்காதே, வீட்டை மாற்று.

ஆனாலும் டாக்டர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். பகாவிலிருந்து சிரம்பானுக்குப் போகும்போது அந்த வீடியோவைக் கட்டாயம் காட்டு. மேசைமேல் வைத்தால் குட்டி பயந்து ஒடுங்கிவிடும், நடையைப் பார்க்க முடியாது. தலை ஒரே பக்கம் சாய்ந்து வட்டமடித்தால் காது நோயாக இருக்கலாம். நன்றாக நடந்த குட்டி திடீரென்று தள்ளாடினாலோ, நாளுக்கு நாள் மோசமானாலோ அது வேறு நோய், அடி, அல்லது விஷம். பச்சை மீனையே தின்று வளர்ந்தாலும் தையமின் சத்து குறைந்து தள்ளாட்டம் வரும். சிரம்பானில் முடிவு தெரியாவிட்டால், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்கு எழுதிக் கேள்.

இப்போது தரை. தோட்டத்துக் குவாட்டர்ஸின் வழவழப்பான சிமெண்டுதான் இதற்கு முதல் எதிரி. கால் விரிந்து விரிந்து விழும், தாடை அடிபடும், பிறகு நடக்கவே பயப்படும். முதலில் ஒரு அறைக்கு மட்டும் ஒன்றோடொன்று பூட்டும் ரப்பர் பாய்களைப் போடு. விளிம்பு எழும்பாமல் டேப் ஒட்டு. கால் துடைக்கும் துண்டைத் தரையில் விரிக்காதே, அது குட்டியோடு சேர்ந்து வழுக்கும். நகம்தான் அதற்குப் பிடிமானம், அதனால் கூரான நுனியை மட்டும் வெட்டு. கட்டில் கால், மேசை முனைகளுக்குப் பஞ்சு சுற்று. இந்தக் குட்டிகள் முன்காலால் நன்றாக ஏறும், இறங்கத்தான் தெரியாது. ஏறக்கூடிய இடத்துக்கெல்லாம் பாய் ஒட்டிய சரிவுப் பலகை வை.

சாப்பாட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். பால்பற்கள் வந்திருக்கின்றன, தானாகத் தின்னவும் பார்க்கிறது. டின்னில் வரும் குட்டி உணவைப் பூனைக்குட்டிப் பால்மாவுடன் கெட்டியாகப் பிசைந்து கொடு. தண்ணீராக இருந்தால் தலையாட்டத்தில் மூக்குக்குள் ஏறி நுரையீரலுக்குப் போகும். தின்றபின் இருமல், மூச்சிரைப்பு, மூக்கில் நுரை என்றால் அன்றைக்கே டாக்டர். தட்டு கனமான பீங்கானாக இருக்கட்டும், 5 செ.மீ. உயரத்தில் வை. முதல் சில நாள் மார்பின் இரண்டு பக்கமும் கையை அணைத்துப் பிடி. தலையைப் பிடிக்காதே, அது உதறும். குடிதண்ணீரை அகலமான, ஆழமில்லாத கிண்ணத்தில் வை. கட்டிப்பால், மாட்டுப்பால் இரண்டும் வேண்டாம், பேதியாகும். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் முன், மதியம், சாயங்காலம், படுக்கும் முன் என்று நாலு வேளை கொடு. மீனும் சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் டாரின் முதலான சத்துகள் போதாது.

சமையல் தராசில் தினமும் காலையில் எடை பார். ஒரு நாளைக்குப் பத்து கிராமாவது ஏறினால் நல்லது. இரண்டு நாள் ஏறாமல் நின்றாலும், அரை நாள் தின்னாமல் கிடந்தாலும் காத்திருக்காதே. உடம்பு சில்லிட்டிருந்தால் உணவு செரிக்காது. முதலில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலால் குட்டியைச் சூடாக்கு, பிறகு ஊட்டு.

மலம் கழிக்க 25 செ.மீ. உயரமுள்ள பிளாஸ்டிக் பெட்டி வாங்கு. ஒரு பக்கத்தை மட்டும் 4 செ.மீ. வரை வெட்டிவிட்டு, வெட்டிய விளிம்பில் டேப் ஒட்டு. மற்ற மூன்று பக்கமும் உயரமாக இருந்தால் சாய்ந்துகொண்டு உட்காரும். உள்ளே மரத்துகள் குச்சி போடு. கட்டியாகும் களிமண் வேண்டாம், விழும்போது வாயில் போகும். அதன் மேலேயே விழுந்து எழும் நாட்களும் இருக்கும். வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்து நன்றாகக் காயவை, இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும்.

வெளியே விடவே கூடாது. செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் விஷக்கட்டியும், அதைத் தின்ற எலியும், வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கால்வாயும் இதற்கு ஆபத்து. மற்றப் பூனைகளோடு சண்டை வந்தால் ஓடித் தப்பிக்கவும் முடியாது. கிரில் கதவுக்கு வலை அடி.

பனடோல் என்ற பாராசிட்டமால் காய்ச்சல் மாத்திரை ஒரு துண்டுகூடப் பூனையைக் கொல்லும். கோடாலித் தைலமும் தடவாதே. நாய்க்கு வைத்திருக்கும் தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம். இப்போதைக்குத் தெள்ளுச் சீப்பால் வாரி, வந்ததைச் சோப்புத் தண்ணீரில் போடு. புழு மருந்தை எடை பார்த்து டாக்டரே கொடுக்கட்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. பன்லியூகோபீனியா கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் வேறு குட்டியைச் சேர்க்காதே. அழுக்கைக் கழுவியபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. குளோராக்ஸ் பிளீச் கலந்து தரையில் பத்து நிமிடம் விட்டு அலசு. தரை காயும்வரை குட்டி வேறு அறையில் இருக்கட்டும். மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் வந்தால் கையுறை போட்டுத்தான் தொடு. நம் மலேசியாவில் பூனைகளிடம் பரவும் ஒரு பூஞ்சை நோய் மனிதனுக்கும் ஒட்டும்.

தூக்கும்போது ஒரு கை மார்பின் கீழ், ஒரு கை பின்தொடையின் கீழ். இறக்கும்போது நாலு காலும் தரையில் பட்டு, நிலைத்து நின்றபின் கையை எடு. எப்போதும் தூக்கியே வைத்திருக்காதே, தம்பி. விழுந்து எழுந்துதான் தன் உடம்பைப் பழகும்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அதையும் கொண்டு வா. துணிப்பை வேண்டாம், அடியில் ரப்பர் பாய் போட்ட கெட்டிப் பெட்டியில் வை. காரில் நெளியாமல் இருக்க இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வை. இங்கே முன் அறைக்கு எத்தனை பாய் வேண்டும் என்று அளந்து வைக்கிறேன். இன்றைக்கு என்ன எடை என்று எழுது.

அன்புடன்,
அம்மா