ஹட்டன் ரோட்டில் வந்த ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி

அண்ணே, உங்கள் பெயரைக் கேட்கக்கூட அன்றைக்குத் தோன்றவில்லை. தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் பருந்து கலைத்துவிட்ட தேன்கூடு. அம்மாவும் கூட இருந்த அக்காமாரும் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அம்மாவுக்குத்தான் அதிகக் கொட்டு.

நீங்கள் சுண்ணாம்பு தேடவில்லை. கழுத்திலும் காதோரத்திலும் நின்ற கொடுக்குகளை நகத்தால் மளமளவென்று வழித்தெடுத்தீர்கள். தோலில் இருக்கும்வரை நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்குமாம். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று டாக்டர் சொன்னார். உதடு வீங்கி, தலை சுற்றுகிறது என்றதும் எழுந்து உட்காரவிடாமல், காலைத் தூக்கிவைத்துப் படுக்கவைத்தீர்கள். அதுவும் சரிதானாம். கொட்டினால் வந்த கடும் ஒவ்வாமையாம். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான், இறங்கியிருந்த பிரஷர் ஏறியது. சில மணி நேரம் கழித்து ஒவ்வாமை திரும்பவும் வரலாம் என்று இரவு வைத்துப் பார்த்தார்கள்.

தோட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது, உயிரும் போகிறது. ஆனாலும் எங்கள் மலையில் அந்த ஊசி மருந்து ஒன்றுகூடக் கிடையாது. கோபம் வருகிறது, அது வேறு கதை.

அம்மா இப்போது நலம். கூலியும் வாங்காமல் போய்விட்டீர்கள். உங்கள் நீலப் போர்வை எங்கள் லயத்து வீட்டில்தான் இருக்கிறது, அண்ணே. சாப்பிட வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.