அந்தப் பாட்டி பேரனை வெறுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஹாங்காங் கட்டுரையில் 'பேரனைத் தூக்கவே வெறுக்கும் மாமியார்கள்' என்று ஒரு வரி. படித்துவிட்டுக் காபியை ஆறவிட்டேன். மூலத்தில் 'ஹன் போவ் ச்யூன்' என்று இருந்திருக்கும். 'ஹன்' என்ற எழுத்தை, சீனாவின் பொதுமொழியான மாண்டரின் அகராதியில் தேடினால் வெறுப்பு என்றுதான் வரும். ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸிலோ அது ஏங்கித் தவிப்பது. பேரனை எப்போது கொஞ்சுவோம் என்று துடிக்கிறவரை வில்லியாக்கிவிட்டீர்கள்.

இங்கே ஹாங்காங்கின் யாவ் மா தேயில் 22 ஆண்டாகக் குடியிருக்கிறேன். மேல்மாடி அம்மாள், மகனுக்குக் கல்யாணமான நாள் முதல் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கையையும் தொட்டில் போல மடித்துக் காட்டி இதையேதான் சொல்வார். 'காத்திருந்து கழுத்தே நீண்டுபோச்சு' என்பார். நாம் வழிமேல் விழி வைக்கிறோம், அவர்களுக்குக் கழுத்து நீள்கிறது. குழந்தைக்கு மாதம் நிறைந்ததும் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டை கொண்டுவந்து தந்தார். வெறுப்பில் தந்தார் போலிருக்கிறது!

மினிபஸ்ஸில் முண்டியடித்து ஏறினால் 'கொன்ஜூ தாவ்தொய் ஆ?' என்று பின்னாலிருந்து குரல் வரும். மறுபிறவி எடுக்க ஓடுகிறாயா என்று அர்த்தம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவனை நம் ஊரில் கேட்கும் அதே கிண்டல். உங்கள் கட்டுரையாளர் கேட்டிருந்தால் சீனர்களின் மத நம்பிக்கை என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

போன வருடம் கான்டனீஸை 'மாண்டரினின் கொச்சை' என்று போட்டீர்கள். 2010இல், கான்டனீஸ் பேசும் சீன நகரமான குவாங்சோவின் தொலைக்காட்சியை மாண்டரினுக்கு மாற்றலாம் என்ற யோசனை வந்தபோது ஜனங்கள் தெருவில் இறங்கியது தாங்கள் அறியாததல்ல. கொச்சைக்காகவா இறங்கினார்கள்? 'சாவ்' என்றால் கான்டனீஸில் ஓடு. அதே எழுத்து மாண்டரினில் நட. 'ஓடு' என்ற பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருப்பது யார் என்று பாருங்கள். அப்போதும் எழுதினேன். வெட்டியது போக 'நன்றி' மட்டும் அச்சில் வந்தது. அதற்கும் நன்றி.

இப்போது பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 'வெறுக்கும்' என்பதை 'ஏங்கும்' என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். கடைசிப் பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே இடமிருந்தாலும் சரி.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
யாவ் மா தேய், ஹாங்காங்