கட்டு அவிழ்க்காமல் பரிசு கொடுக்கலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில் மட்டக்களப்பு வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். 2025 ஆம் ஆண்டு அனிமேஷன் படத்துக்கான ஒஸ்கார் விருது 'ஃப்ளோ' என்ற லத்விய நாட்டுப் படத்துக்குப் போனது பிழை என்பது அவருடைய கருத்து. 2024 இல் உலகமெங்கும் அதிகம் வசூலித்த படம் 'இன்சைட் அவுட் 2', அதற்குத்தான் கொடுத்திருக்க வேண்டும் என்கிறார். வென்ற படத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, மிருகங்களின் உடம்பும் வீடியோ கேமில் வருவதுபோல மழமழவென்று இருக்கிறது என்கிறார். கடைசியில், எப்படியும் இது சின்னப் பிள்ளைகளின் கார்ட்டூன்தானே, இதற்குப் பெரியவர்கள் ஏன் மண்டையை உடைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் 31 வருடம் சித்திரம் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுக்கிறேன், மாதத்தில் ஒருநாள் படமும் போட்டுக் காட்டுகிறேன். அதனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன்.

திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. கொப்பி மூலையில் 24 பக்கத்துக்கு ஒரு மானை வரையச் சொல்வேன். எங்கள் ஊரான திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பஸ் நிலையத்தடியிலும் கோட்டைப் பக்கத்திலும் புள்ளிமான்கள் ஆட்களுக்கு நடுவில் சாதாரணமாக நிற்கும். ஏழாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளை, படுத்திருக்கும் மான் எழும்புவதை வரைந்தாள். பக்கங்களைச் சடசடவென்று தட்டிப் பார்த்தால் ஏதோ சரியில்லை. ஒவ்வொரு படமும் அழகு, ஓடவிட்டால் மான் மானாக இல்லை. அழித்து அழித்துக் கடதாசி ஓட்டையாகிவிட்டது. அடுத்த கிழமை வந்தபோது கதவடியில் நின்றே சொன்னாள்: "ரீச்சர், நான் பிழையா கீறிட்டன். மான் மாடு மாதிரித்தான், பின்பக்கம்தான் முதல்ல எழும்புது. முன்கால் முழங்கால்ல நிக்குது." தகப்பனோடு போய் பஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் மானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறாள். திரும்ப வரைந்தாள். மான் எழும்பியது. வகுப்பே கை தட்டியது. ஒரு விநாடிப் படம், அவ்வளவுதான்.

இந்தக் கண்ணோடும் பொறுமையோடும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு படம் எடுப்பதைச் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று என்னால் சொல்ல முடியாது. பிள்ளைகள் ரசிக்கிறார்கள் என்பதால் வேலை சின்னதாகிவிடாது.

பெரியவர்களுக்கான அனிமேஷனும் உண்டு. ஜப்பானிய இயக்குநர் இசாவோ தகஹத்தா 1988 இல் எடுத்த 'மின்மினிகளின் கல்லறை' என்ற படத்தை நான் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. போரில் தாயை இழந்த ஓர் அண்ணனும் நாலு வயதுத் தங்கையும், ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் இனிப்பு. 1990 இல் சாமான் மூட்டையோடு முகாமில் இருந்தவள் நான். பால்மா டின்னைக் கழுவிக் கழுவி அந்தத் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுத்த தாயைப் பக்கத்துப் பாயில் பார்த்திருக்கிறேன். வெறும் டப்பாவில் அண்ணன் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அந்தச் சிறுமி குடிக்கும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். மீதியைப் பார்க்க மூன்று நாளாயிற்று. அந்தப் படம் வந்த காலத்தில் ஒஸ்காரில் அனிமேஷன் முழுநீளப் படத்துக்கென்று விருதே இல்லை. 2002 ஆம் ஆண்டு விழாவில்தான் முதல் தடவையாகக் கொடுத்தார்கள், 'ஷ்ரெக்' வாங்கியது.

சரி, இப்போது விருதுக்கு வருகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரப் போட்டிக்கு என் மாணவர்கள் 14 பேரின் படங்களை அனுப்பினேன். எந்தப் போட்டி, யார் நடத்தியது என்பது இப்போது தேவையில்லை. படங்களைப் பழைய பேப்பரில் சுற்றி, சணலால் கட்டி, சணலும் பேப்பரும் சேருமிடத்தில் சிவப்பு மையால் ஒரு பூ வரைவது என் வழக்கம். பிள்ளைகள் அதை ராசி என்பார்கள். முடிவு வந்தது, எங்களில் ஒருவருக்கும் இல்லை. அதில் எனக்கு மனக்குறை இல்லை. படங்களைத் திரும்ப வாங்கப் போனபோது ஒரு மேசைக்குக் கீழே கட்டு கிடந்தது. முடிச்சு நான் போட்ட முடிச்சு. பூவின் பாதி சணலிலும் பாதி பேப்பரிலும், ஓர் இதழ்கூட விலகாமல் இருந்தது. அவிழ்க்கவே இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். நடுவர்கள் நல்லாய்ப் பார்த்தார்கள், மற்றவர்களின் படங்கள் இன்னும் நல்லாயிருந்தன என்று பிள்ளைகளிடம் பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

2015 ஒஸ்காரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுத்தான் கண்ணில் வரும். அந்த வருடப் பட்டியலில் தகஹத்தாவின் 'இளவரசி ககுயாவின் கதை' இருந்தது. மூங்கிலுக்குள் கண்டெடுத்த பெண்குழந்தையைப் பற்றிய பழைய ஜப்பானியக் கதை. அதில் ஓர் இடம். பெரிய விருந்து நடக்கிறது, விருந்துக்கு வந்த ஆண்கள் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுவது காதில் விழுகிறது. அவள் எழுந்து ஓடுகிறாள். அதுவரை மெல்லிய நீர்வர்ணத்தில் அமைதியாக இருந்த படம், அவள் ஓட ஓடக் கரிக்கோடாகிறது. கோடு உடைகிறது, கிழிகிறது, முகம் எது உடுப்பு எது என்று தெரியவில்லை. உடுப்புகள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் விழுகின்றன. ஒரு நடிகையை ஓடவிட்டுப் படம்பிடித்து இதைக் காட்ட முடியாது. கோபத்தில் கை எப்படிக் கீறுமோ அப்படியே கீறியிருக்கிறார்கள். நான் என் மாணவர்களுக்கு 31 வருடமும் சொல்லிப் பார்த்தது, கோட்டுக்கும் உணர்ச்சி உண்டு என்று. இரண்டு நிமிடத்தில் அந்த மனிதர் காட்டிவிட்டார். எழுபது கடந்த வயதில், பல வருடம் உழைத்து எடுத்தது.

விருது 'பிக் ஹீரோ 6' படத்துக்குப் போனது. அது கெட்ட படமல்ல, என் பேரன் அதை விரும்பிப் பார்ப்பான். என் மனம் நொந்தது வேறொன்றில். அந்த வருடம் ஓர் அமெரிக்கச் சினிமாப் பத்திரிகை, பெயர் வெளியிடாமல் ஒரு வாக்காளரின் மனதில் இருந்ததைக் கேட்டுப் போட்டது. பட்டியலில் இருந்த இரண்டு படங்களை அவர் ஒருவரும் பார்க்காத ஏதோ சீனப் படங்கள் என்று கெட்ட வார்த்தையோடு தள்ளியிருந்தார். ஒன்று 'ககுயா', ஜப்பானியப் படம். மற்றது 'சோங் ஒஃப் த சீ', அயர்லாந்துப் படம். எந்த நாட்டுப் படமென்றே தெரியாத ஒருவர் கையிலும் வாக்குச்சீட்டு இருந்திருக்கிறது. கட்டு அவிழவில்லை.

2025 ஏப்ரலில்தான் ஒஸ்கார் விருதை வழங்கும் அகடமி ஒரு விதி கொண்டுவந்தது. இனிமேல் ஒரு பிரிவில் இறுதி வாக்களிக்க வேண்டுமானால், அந்தப் பிரிவில் தெரிவான படங்கள் எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும். வாசித்தபோது எனக்குச் சந்தோஷமும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. இத்தனை வருடம் இது கட்டாயமாக இருக்கவில்லையா?

2002 முதல் 2025 வரை 24 விருதுகள். அவற்றில் கையால் வரைந்த படங்கள் இரண்டே இரண்டு, இரண்டும் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியசாகியுடையவை. 2003 இல் ஒன்று, 2024 இல் ஒன்று. நடுவில் 21 வருடம்.

அதற்காக நான் கையால் வரைந்ததெல்லாம் உயர்த்தி, கொம்பியூட்டர் படமெல்லாம் தாழ்த்தி என்று சொல்பவள் இல்லை. 2018 இல் ஓவியர் வான்கோவைப் பற்றிய படம் ஒன்று போட்டியில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் ஏறக்குறைய 65,000 சட்டங்களை எண்ணெய் வர்ணத்தில் தீட்டியிருந்தார்கள். சித்திர ரீச்சர் அதன் பக்கம்தான் நிற்பார் என்று நினைப்பீர்கள். நான் அந்த வருடம் வென்ற கொம்பியூட்டர் படமான 'கோகோ' பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். வான்கோ படத்தில் ஒவ்வொரு சட்டமும் சுவரில் மாட்டலாம், ஆனால் கதை அவரிடம் இவரிடம் விசாரித்துக்கொண்டே நடக்கிறது, நடிகர்களைப் படம்பிடித்து மேலே தீட்டியதும் தெரிகிறது. 'கோகோ'வில் அந்தப் பாட்டி, சுருங்கிய வாயால் தகப்பனின் பாட்டை மெல்லப் பாடத் தொடங்கும் இடம் ஒன்று போதும். ஆடி அமாவாசைக்கு அப்பாவின் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்கும் வீடு எங்களுடையது. இறந்தவர்களை ஒருவரும் நினைக்காவிட்டால் அவர்கள் இன்னொரு தரம் இறக்கிறார்கள் என்பதை மெக்சிக்கோக் கதையிலிருந்து எங்களுக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. பாடுபட்டார்கள் என்பதற்காக மட்டும் பரிசு கொடுக்க ஏலாது. பணம் சேர்ந்தது என்பதற்காகவும் ஏலாது. 'இன்சைட் அவுட்' முதல் படம் 2016 இல் வென்றது நியாயம். இரண்டாவது படம் அந்த முதல் படம் கட்டிய வீட்டுக்குள் இன்னும் நாலு கதிரை போட்டிருக்கிறது. நல்ல கதிரைகள்தான்.

இனி 'ஃப்ளோ'. பெருவெள்ளத்தில் மற்ற மிருகங்களோடு படகில் தப்பும் ஒரு பூனையின் கதை. கின்ட்ஸ் சில்பலோடிஸ் என்ற இளைஞர் இயக்கியது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் என்ற மென்பொருளில் செய்தது. லத்வியாவுக்குக் கிடைத்த முதல் ஒஸ்கார். மிருகங்களின் உடம்பில் மயிர் மயிராக வரையவில்லை என்று மட்டக்களப்பு நண்பர் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பூனையின் காதைப் பார்த்தாரா என்று கேட்க விரும்புகிறேன். சத்தம் வந்த பக்கம் முதலில் ஒரு காது மட்டும் திரும்பும். அப்புறம் தலை. உடம்பு அசையவே அசையாது. என் வீட்டுப் பூனையை மடியில் வைத்துக்கொண்டு நான் சரிபார்த்தேன். அந்த மானை வரைந்த பிள்ளை பார்த்தது போலத்தான் அவர்களும் பூனையைப் பார்த்திருக்கிறார்கள். மயிர் வரைவதைவிட அது கடினம்.

வார்த்தை இல்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஒரு சனிக்கிழமை அந்தப் படத்தை எங்கள் நிலையத்தில் போட்டேன். 27 பிள்ளைகள். எங்கள் பகுதிப் பிள்ளைகள், திருக்கடலூரிலிருந்து சிலர், கிண்ணியாவிலிருந்து இருவர், பக்கத்துச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர். வழக்கமாகப் படம் போட்டால் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல வேண்டும், பிறகு நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்ல வேண்டும், அதற்குள் காட்சி போய்விடும். அன்றைக்கு நான் பேசாமல் பின்வாங்கில் இருந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள், ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தார்கள். எனக்கு இது இந்த ஊரில் அடிக்கடி கிடைக்கும் காட்சியல்ல. வெள்ளைப் பறவை படகின் சுக்கானைக் காலால் பிடித்ததும் கடற்றொழில் வீட்டுப் பையன் ஒருவன் எழும்பியே விட்டான். "ரீச்சர், அது சரியாத்தான் பிடிக்குது!" என்றான். அவனுக்குத்தான் தெரியும்.

பேரப்பிள்ளையைக் கூட்டிப் போக வந்த ஓர் அம்மம்மாவும் வாசலில் நின்று பார்த்தார். தண்ணீர் மரத்தின் நடுப்பகுதியைத் தொட்டு, கொப்பைத் தொட்டு, வீட்டு யன்னலுக்குள் வரும் இடம். அவர் சத்தமில்லாமல் இறங்கிப் படியில் இருந்துகொண்டார். 2004 இல் அவருடைய வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பூனை தப்பிச்சுதா?" என்று கேட்டார். தப்பியது என்றேன். மறுபடியும் உள்ளே போய் முடியும்வரை பார்த்தார்.

வார்த்தை இல்லாத படம் அவ்வளவையும் செய்தது. இதற்கு விருது கொடுத்தது பிழை என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனிப் பிரிவு வந்தபோது அனிமேஷனுக்கு மரியாதை கிடைத்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சிறந்த படம் என்ற பெரிய விருதுக்கு இதுவரை தெரிவான அனிமேஷன் படங்கள் மூன்றுதான்: 'பியூட்டி அன்ட் த பீஸ்ட்', 'அப்', 'டோய் ஸ்டோரி 3'. ஒன்றும் வெல்லவில்லை. கடைசியாகத் தெரிவானது 2011 விழாவில். கலியாண வீட்டுக்கு அழைத்துவிட்டு, உங்களுக்குத் திண்ணையில் இலை போட்டிருக்கிறோம் என்பது போலத்தான் இது. 'ஃப்ளோ' சிறந்த சர்வதேசப் படப் பிரிவிலும் தெரிவானது. அப்படியானால் அதைப் படமாகவே எடுத்துக்கொண்டு பார்க்க அவர்களால் முடிகிறது. மற்றப் பந்தியிலும் ஓர் இலை போட என்ன தடை?

தங்கள் பத்திரிகையும் இத்தகைய படங்களைப் பற்றிச் சிறுவர் பகுதியில் மட்டும் எழுதாமல், சினிமாப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாலு வரிக் குறிப்பு வேண்டாம், ஆள் உட்கார்ந்து பார்த்து எழுதிய விமர்சனமாக இருக்கட்டும்.

மட்டக்களப்பு நண்பருக்கு: அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு 'ககுயா' போடுகிறோம். காலை பஸ்ஸில் ஏறினால் நேரத்துக்கு வந்துவிடலாம். பாலையூற்றில் இறங்கிச் சித்திர ரீச்சர் என்று கேட்டால் காட்டுவார்கள். அவள் ஓடும் அந்த இடத்தை எனக்குப் பக்கத்தில் இருந்து பாருங்கள். அதற்குப் பிறகு உங்கள் கருத்து என்னவோ, அதை நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை,
பாலையூற்று, திருகோணமலை.