டிரெஸ்டனில் இருந்து ஒரு கிறிஸ்மஸ் கடிதம்

டிரெஸ்டன், ஜெர்மனி,
டிசம்பர் 27

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

ஸ்தோத்திரம். நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம். பாப்பாவுக்கு இருந்த சளி முழுதாக விட்டுவிட்டது, கவலைப்பட வேண்டாம்.

வீடியோவில் பேசும்போது அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள், எதையும் உருப்படியாகச் சொல்ல முடிவதில்லை. அப்பாவுக்கும் கடிதம் என்றால்தான் திருப்தி. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டீர்களே, "பிள்ளைக்கு நம்ம கிறிஸ்மஸ் தெரியாமலே போயிடுமாடி?" என்று. அது என் மனதை விட்டுப் போகவே இல்லை. இந்த ஒரு மாதம் வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்று சொல்கிறேன். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

இங்கே கிறிஸ்மஸுக்கு நாலு ஞாயிறு முன்னாலேயே வீட்டுக்குள் வேலை தொடங்கிவிடுகிறது. ஊசியிலைக் கிளைகளை வளையமாகக் கட்டி, அதில் நாலு மெழுகுவர்த்தி நட்டு, சாப்பாட்டு மேசையில் வைக்கிறோம். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அப்பாவுக்கு இது பிடிக்கும்: இந்த வழக்கத்தைத் தொடங்கியவர் விகெர்ன் என்ற லுத்தரன் இறையியல் அறிஞர். 1839இல் ஹாம்பர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தினமும் "கிறிஸ்மஸ் எப்போ, எப்போ" என்று கேட்டார்களாம். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுக்குப் பெரிய மெழுகுவர்த்தி, மற்ற நாளுக்குச் சின்னது என்று வைத்து, தினம் ஒன்றாக ஏற்றிக் காட்டியிருக்கிறார். பாப்பாவும் அதே கேள்வியைத்தான் கேட்கிறாள். இப்போது பதில் சொல்லாமல் மேசையைக் காட்டுகிறேன், அவளே எண்ணிக்கொள்கிறாள்.

டிசம்பர் 1இல் இருந்து 24 வரை நாளுக்கு ஒரு கதவு திறக்கும் அட்டை கடையில் கிடைக்கிறது. நான் அதை வாங்கவில்லை. பழைய காட்டன் சேலையைக் கிழித்து 24 குட்டிப் பைகள் தைத்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். ஒரு நாள் பேரீச்சம்பழம், ஒரு நாள் அப்பா அனுப்பிய கடலை மிட்டாய். கூடவே லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இருந்து ஒரு துண்டு, தமிழில் எழுதி மடித்து வைத்தது. நான் வாசிக்க அவள் திரும்பச் சொல்வாள். 24ஆம் தேதி வந்தபோது மேய்ப்பர்கள் வரைக்கும் அவளுக்கு வாயிலேயே இருந்தது.

முக்கியமாகச் சொல்ல வந்தது ஸ்டார் பற்றி. இங்கிருந்து கிழக்கே போனால் ஹெர்ன்ஹூட் என்று ஒரு சின்ன ஊர் வருகிறது. மொராவியன் சபைக்காரர்களின் ஊர். தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் 1760இல் வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்தார்களே, அதே சபைதான். அவர்கள் தரங்கம்பாடியை விட்டுப் போனபிறகு, 19ஆம் நூற்றாண்டில், இங்கே ஜெர்மனியில் அவர்களுடைய விடுதிப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடத்துக்காகப் பிள்ளைகள் காகிதத்தில் ஒரு ஸ்டார் செய்திருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் கூர் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டார். இப்போது இந்த ஊரில் அது தொங்காத தெருவே இல்லை.

அது பெட்டியில் பிரிந்துதான் வரும். நாலு மூலை அடி உள்ள கூர் பதினேழு, மூணு மூலை அடி உள்ளது எட்டு. ஒவ்வொன்றின் ஓரத்தையும் பக்கத்தில் உள்ளதோடு சேர்த்து, ஓட்டையில் சின்னப் பித்தளை ஊசியை நுழைத்து, உள்ளே அதன் இரண்டு காலையும் விரித்து மடக்க வேண்டும். மேலே ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டு பல்பை இறக்க வேண்டும். முதல் ஞாயிறு சாயங்காலம் மூன்று பேரும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவர் கூர்களைப் பிடித்துக்கொண்டார், பாப்பா ஊசி எடுத்துக் கொடுத்தாள், நான் மடக்கினேன். கடைசி நாலைந்து கூர் வரும்போது உள்ளே கை போக இடம் இருக்காது. அப்போது பாப்பாவின் குட்டிக் கைதான் உள்ளே போய் ஊசியின் காலை விரித்தது. "நான்தான் முடிச்சேன்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். சிவப்புக் காகித ஸ்டார், ஜன்னலில் தொங்குகிறது. நம் வீட்டு வாசலில் அப்பா மூங்கில் கட்டித் தொங்கவிடும் ஸ்டாரை வீடியோவில் பார்த்ததும், "தாத்தா வீட்லயும் ஏத்திட்டாங்க!" என்று கத்தினாள். கேட்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

இந்த வெளிச்சம் இங்கே எவ்வளவு தேவை என்று அங்கிருந்தால் தெரியாது. டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டிவிடுகிறது. வந்த புதிதில் அந்த இருட்டு என்னை மிகவும் வாட்டியது. அப்புறம்தான் ஜன்னல்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் மரத்தில் செய்த வில் வடிவ விளக்கு. தெற்கே மலைப்பகுதியில் வெள்ளிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களிடம் இருந்து வந்த வழக்கம் அது. குளிர்காலத்தில் விடியுமுன் இறங்கி இருட்டியபின் ஏறுவார்களாம், வாரம் முழுக்க வெயிலே பார்க்க மாட்டார்களாம். அந்த ஜனங்கள் வெளிச்சத்தை இப்படிக் கொண்டாடியதில் என்ன ஆச்சரியம். ஆண் பிள்ளைக்கு ஒரு சுரங்கத் தொழிலாளி பொம்மை, பெண் பிள்ளைக்கு ஒரு தேவதூதன் பொம்மை, இரண்டின் கையிலும் மெழுகுவர்த்தி. வீட்டில் எத்தனை பிள்ளையோ அத்தனை பொம்மையை ஜன்னலில் வைப்பார்கள். எங்கள் ஜன்னலில் ஒரே ஒரு தேவதூதன் நிற்கிறான். எதிர்வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுப் பாப்பாவுக்குக் கையாட்டினார். தெருவில் யாரோடும் அதிகம் பேசாதவர் அவர்.

டிசம்பர் 6 நிக்கொலாஸ் ஆயரின் நாள். முந்தின ராத்திரி பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால் காலையில் அதில் கொட்டையும் ஆரஞ்சும் இருக்கும். பாப்பா தன்னுடையதோடு அவள் அப்பாவின் பூட்ஸையும் பளபளவென்று துடைத்து வைத்தாள். பெரிய பூட்ஸ் ஆயிற்றே.

சரி, பலகாரத்துக்கு வருகிறேன். இந்த ஊரின் பெருமை ஸ்டோலன். உலர்ந்த திராட்சை, பாதாம், வெண்ணெய் எல்லாம் போட்டுச் சுட்டு, மேலே வெள்ளை வெளேரென்று சர்க்கரை தூவியிருக்கும். துணியில் சுற்றிய குழந்தை இயேசு என்று சொல்வார்கள். முன்காலத்தில் கிறிஸ்மஸுக்கு முந்தின இந்த நாலு வாரமும், அதாவது அட்வென்ட், உபவாச காலம் என்பதால் வெண்ணெய் சேர்க்கக் கூடாதாம். 1491இல் போப் ஒரு கடிதம் எழுதி அனுமதி கொடுத்த பிறகுதான் சேர்க்க ஆரம்பித்தார்கள். சுட்டு வாரக்கணக்கில் வைத்திருந்தால்தான் ருசி கூடும். எதிர்வீட்டுப் பாட்டி எனக்கு வெட்டும் முறையைக் காட்டினார். ஓரத்தில் இருந்து வெட்டக் கூடாது. நட்டநடுவில் வெட்டி, வேண்டிய துண்டை எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு பாதியையும் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல் தள்ளி வைத்துவிட வேண்டும். வெட்டிய முகம் காயாமல் இருக்கும். நான் அவருக்கு அச்சு முறுக்கு கொடுத்தேன். ஒன்று சாப்பிட்டுவிட்டு, பூ மாதிரி இருக்கிறது, இதை எப்படிச் சுடுகிறீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அடுத்த நாள் அடுப்படிக்கே வந்து, அச்சை எண்ணெயில் காய வைத்து மாவில் முக்குவதை நின்று பார்த்தார்.

அட்வென்ட்டில் ஒரு சனிக்கிழமை புல்ஸ்னிட்ஸுக்குப் போய்வந்தோம். அப்பா, பெயரைப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரி சீகன்பால்க் ஐயர் 1682இல் பிறந்த ஊர். இங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சின்ன ஊர், கல் பாவிய சந்தை, ஒரு பழைய கோயில், அவ்வளவுதான். இந்தச் சந்துகளில் ஓடி விளையாடிய பையன் கப்பல் ஏறி 1706 ஜூலையில் நம் கடற்கரையில் வந்து இறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சுப்போட்டு, 36 வயதில் அங்கேயே அடக்கமானார் என்பதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் என்று நம் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்தில்தானே போய் நின்றிருக்கிறோம். 1718இல் அவர் கட்டிய ஆலயம். அவர் கல்லறையும் அங்கேதானே. பாப்பாவுக்கு அதைச் சொல்லி, "இந்த ஊர்த் தாத்தாதான் நம்ம ஊருக்கு வந்தார்" என்றேன். "ஏன் திரும்பி வரல?" என்று கேட்டாள். நம் ஊர் அவருக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னேன்.

அந்த ஊர் இன்னொன்றுக்கும் பேர்போனது. 1558இல் இருந்து அங்கே மசாலா கேக் சுடுகிறார்கள். தேனும் மாவும் பிசைந்து வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அப்புறம் பட்டை, கிராம்பு, ஏலக்காய், மல்லி, சோம்பு எல்லாம் சேர்க்கிறார்கள். கடைக்குள் நுழைந்ததுமே நம் வீட்டு மசாலா டப்பாவைத் திறந்த வாசனை. அந்த வாசனைக்காகவே கொஞ்சம் அதிகமாக வாங்கிவிட்டேன். உங்களுக்கும் ஒரு பெட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

1434இல் இருந்து நடக்கும் கிறிஸ்மஸ் சந்தை டிரெஸ்டன் ஊர் நடுவில் இருக்கிறது. கூட்டம் நெரிகிறது, பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிட்டோம். அவளுக்கு வீட்டில் இருக்கும் மரக் கிழவன்தான் பிடிக்கிறது. வயிற்றுக்குள் சின்னச் சாம்பிராணிக் கூம்பை ஏற்றி வைத்தால் வாய் வழியாகப் புகை விடுவான்.

24ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு ஆராதனை. எங்கள் பகுதிக் கோயிலுக்கு மற்ற ஞாயிறுகளில் வயதானவர்கள் கொஞ்சம் பேர்தான் வருவார்கள். கிழக்கு ஜெர்மனி காலத்தில் சபை இளைத்துப்போன பகுதி இது. அன்றைக்கு மட்டும் மாடி வரைக்கும் நிற்க இடமில்லை. பிள்ளைகள் கிறிஸ்து பிறப்பு நாடகம் போட்டார்கள். பாப்பா ஆட்டுக்குட்டி. பஞ்சு ஒட்டிய சட்டை போட்டுக்கொண்டு, மேய்ப்பன் போகச் சொன்ன பக்கம் போகாமல் நேரே தொட்டிலுக்குப் போய்க் குழந்தைப் பொம்மையைத் தடவிக்கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

அப்புறம் ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தது. அம்மா, முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாப்ரிசியுஸ் ஐயர் மாதிரி ஜெர்மன் ஐயர்மார் 18ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பாட்டுகளை எல்லாம் தமிழுக்குக் கொண்டுவந்தார்களே, நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் இருக்கும் அந்த ராகம். சுற்றி எல்லாரும் ஜெர்மனில் பாட, என் வாயில் தமிழ்தான் வந்தது. நிறுத்த எனக்கு மனசு வரவில்லை, தமிழிலேயே முழுதும் பாடினேன். அதைக் கேட்டு பாப்பா தொட்டில் பக்கத்தில் இருந்து தலையைத் தூக்கி, அத்தனை பேர் முன்னால் சத்தமாக, "அம்மா, இது அம்மாச்சி பாட்டு!" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் போனில் அவளைத் தூங்கவைக்கப் பாடியதெல்லாம் வீண் போகவில்லை.

அன்று ராத்திரி இந்த ஊர் வழக்கப்படி உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் சாப்பிட்டோம். மரம் இருக்கும் அறைக் கதவைச் சாத்தி வைத்து, மணி அடித்ததும் திறந்தோம். பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே.

25ஆம் தேதி விடியற்காலம் மட்டும் நம் வழி. இங்கே அந்த நேரத்தில் தெருவில் ஈ காக்கை கிடையாது. கேரல் ரவுண்ட்ஸ் இல்லை, டிரம் சத்தம் இல்லை, நாலரை மணிக் கோயில் மணி இல்லை. அதற்காக நான் ஏங்குகிறேன், மறைக்க மாட்டேன். ஐந்து மணிக்குப் பாப்பாவை எழுப்பி, வெந்நீரில் குளிப்பாட்டி, நீங்கள் அனுப்பிய மஞ்சள் பட்டுப் பாவாடையைக் கட்டிவிட்டேன். ஸ்டாரை மட்டும் ஏற்றி, மூன்று பேரும் அதன் அடியில் உட்கார்ந்தோம். அவர் உங்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் வாசித்தார். கீர்த்தனை பாடினோம், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூங்குவதால் மெதுவாக. அப்புறம் அதிரசமும் காப்பியும். மத்தியானம் பிரியாணி, இரண்டு தமிழ்க் குடும்பங்கள் வந்திருந்தார்கள்.

அம்மா, பாப்பாவுக்கு இரண்டு கிறிஸ்மஸ் தெரியும் என்று நினைக்கிறீர்களா? அவளுக்கு இது ஒன்றுதான். அதில் புல்ஸ்னிட்ஸும் இருக்கிறது, நம் ஊர் பொறையாரும் இருக்கிறது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அச்சு முறுக்கு அச்சு இன்னொன்று வேண்டும், பாட்டிக்கு. ஞானப்பாட்டில் அட்வென்ட் பாட்டுகளை அம்மா பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும், ஒரு பாட்டுக்கு ஒரு பதிவாக. அப்பா முழங்காலை டாக்டரிடம் காட்டினாரா என்று எழுதுங்கள். அடுத்த வருஷம் நவம்பர் கடைசியில், முதல் ஞாயிறுக்கு முன்னாலேயே, நீங்கள் இரண்டு பேரும் இங்கே இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்துவிட்டோம். டிக்கெட் எங்கள் பொறுப்பு. குளிருக்கு வேண்டிய கோட்டும் பூட்ஸும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், அங்கே வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். இரண்டு பேருடைய பாஸ்போர்ட்டும் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று பார்த்து இந்த வாரமே சொல்லுங்கள், விசாவுக்கு அதுதான் முதலில் வேண்டும்.

பாப்பாவின் முத்தங்களோடு,
உங்கள் அன்பு மகள்