வெறுந்தரையும் இல்லாத பானையும்

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மகளே,

மேசைமேல் கண்ணாடி இருக்கிறது என்றால் அந்தக் கூற்றை மெய்யாக்கக் கண்ணாடி இருக்கிறது, இல்லை என்றால் அந்தக் கூற்றை மெய்யாக்குவது எது என்று சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டாயே, அந்தக் கேள்வி என்னை இன்னும் விடவில்லை. 1914இல் ஹார்வர்டில் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரசல் எதிர்மறை உண்மைகளும் உலகில் உண்டு என்று வாதிட்டபோது அவையில் கலகமே மூளும்போல் இருந்ததென்று அவரே பின்னர் கூறியதையும் நீதான் சொன்னாய்.

இந்திய மெய்யியலில் இவ்வழக்கு அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. தரையில் பானை இல்லை என்பது வெறுந்தரையைத் தவிர வேறொன்றும் அன்று என்றார் வேத விளக்க மரபான மீமாம்சையைச் சேர்ந்த பிரபாகரர். நீயும் அந்தப் பக்கம்தான் சாய்கிறாய். தருக்க மரபான நியாயத்தைச் சேர்ந்த நூலார் ஒப்பவில்லை. பானை இருந்தபோதும் அதே தரைதானே, அப்படியானால் ‘வெறும்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் ‘பானையில்லாத’ என்பதன்றி வேறு பொருள் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

தாதியாக இருந்த காலத்தில் ஓர் இரவு, நோயாளியின் தாளில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்ததை ‘இல்லை’ என்று படித்துவிட்டேன். பெனிசிலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அந்த அம்மாவின் கழுத்தில் தடிப்புகள் சிவந்து எழும்பின. அவர் பிழைத்துக்கொண்டார், என் கை நடுக்கம் விடியும்வரை நிற்கவில்லை. காலிக் கட்டம் தாளின் செய்தி. ஒவ்வாமை உண்டா இல்லையா என்பதோ அவர் உடலின் செய்தி. இருந்தால் தென்பட்டிருக்கும் என்ற இடத்தில் தேடி, அங்கே தென்படாதபோதுதான் இல்லை என்று அறிகிறோம் என்ற, மற்றொரு மீமாம்சகரான குமாரிலரின் கருத்தைப் பின்னாளில் படித்தபோது எனக்கு அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. அது அறியும் வழிதானே, மெய்யாக்குவது எது என்று நீ விடமாட்டாய். அந்த உடலில் உள்ள இன்மையேதான் என்பேன். அதனால்தான் நியாயத்தார் இன்மையையும் ஒரு பதார்த்தமாக, அதாவது உலகில் உள்ளவற்றின் வகைகளுள் ஒன்றாக, எண்ணினார்கள்.

நம் மொழியும் இதில் கவனமாக இருக்கிறது. பானை இங்கே இல்லை என்போம், பானை குடம் அன்று என்போம். ஒன்றின் இடத்தில் மற்றதைச் சொல்லமாட்டோம். நியாயத்தாரும் இவ்விரண்டையும் வேறு வேறு இன்மைகளாகவே பிரித்தார்கள்.

அழிவுக்குப் பின்வரும் இன்மைக்குத் தொடக்கம் உண்டு, முடிவு இல்லை என்பார்கள். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டபோது கூட்டத்தில் உன்னைத் தூக்கிக் காட்டினேனே, அன்று தொடங்கியது அந்த வகை.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில், காலணி அடுக்கின் நடுத்தட்டு காலியாக இருக்கிறது. எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர் பார்த்தால் அவர் கண்ணுக்குப் பலகைதான் தெரியும். எனக்கு உன் நீலக் காலணி இல்லாதது தெரிகிறது. எதன் இன்மை என்று அறியாதவருக்கு அந்த இன்மை புலப்படாது. எடுத்துச் சென்ற பானை திரும்பி வரும்வரை தரையில் நிற்கும் இன்மையைச் சிலர் தனி வகையாகவே எண்ணினார்கள். நடுத்தட்டில் இருப்பது அதுதான். அங்கே எதையும் வைக்க உன் அப்பாவை நான் விடவில்லை.

அன்புடன்,
அம்மா