செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர், நிர்வாகிகள், உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேட்டூர் ஜூலை 28-இல்தான் திறந்ததால், போர்செட் இல்லாத நம்மில் பலருக்குச் சென்ற ஆண்டு குறுவை இல்லை. சம்பா பரவாயில்லை. கொள்முதல் நிலையத்து ஈரப்பதச் சண்டையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

டிசம்பர் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போபால் விஷவாயு சம்பவத்துக்கு 40 ஆண்டு ஆகிறது, பேசுவோம் என்றதும், "வடக்கே நடந்த சங்கதி நமக்கு எதுக்கு?" என்றார்கள் சிலர். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு தகர டப்பாவோடு வந்தார். இப்போது அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறார். துருவுக்கு நடுவே 'செவின்' என்ற எழுத்து இன்னும் தெரிகிறது. நெல்லில் புகையான் பூச்சிக்கு நாம் அடித்த மருந்து. 2018-இல் தடை செய்துவிட்டார்கள். இதைத் தயாரிக்கத்தான் அமெரிக்கக் கம்பெனியான யூனியன் கார்பைடு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷப்பொருளைத் தொட்டி தொட்டியாக வைத்திருந்தது. அப்புறம் யாரும் 'எதுக்கு' என்று கேட்கவில்லை.

1984 டிசம்பர் 2 இரவு 610-ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து கொதித்து, சுமார் 40 டன் விஷவாயு வெளியேறியது. தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாய் கழற்றிக் கிடந்தது. உடனே இறந்தவர்கள் 2,259 பேர் என்றது அரசு. பிறகு அதுவே 3,787 என்றது. அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு இதைவிடப் பல மடங்கு.

இந்திய அரசு கேட்ட நஷ்டஈடு 330 கோடி டாலர். 1989-இல் 47 கோடிக்கு முடித்துக்கொண்டது. கம்பெனித் தலைவர் ஆண்டர்சன் கைதான அன்றே ஜாமீனில் வெளியே வந்து அமெரிக்கா போனவர்தான். விசாரணைக்குத் திரும்பாமலே 2014-இல் இறந்தார். 2010-இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டாண்டு தண்டனை, கையோடு ஜாமீன். மடைத் தகராறு ஒன்றுக்கு நாம் கோர்ட்டுக்கு அலைந்ததை நினைத்துக்கொண்டேன். ஆலையில் கிடந்த 337 டன் கழிவை 2025-இல்தான் மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில் எரித்து முடித்தார்கள், அதுவும் அரசுச் செலவில். கார்பைடை 2001-இல் வாங்கிய டௌ என்ற அமெரிக்கக் கம்பெனி, தனக்குப் பொறுப்பில்லை என்கிறது.

சரி, நம் விஷயம். ஊர் எல்லையில் உள்ள பூச்சிமருந்துக் கிடங்கில் என்னென்ன இருக்கிறது, தீப்பிடித்தால் யாருக்கு போன் செய்வது, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தத் தெரு காலியாக வேண்டும் என்று கேட்டு இரண்டு பதிவுத் தபால் அனுப்பினோம். மங்கலான ரப்பர் முத்திரையோடு ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. டெல்லியில் 1985-இல் ஓலியம் வாயு கசிந்த வழக்கில், ஆபத்தான தொழில் செய்கிறவர் எந்தச் சாக்கும் சொல்லாமல் முழு நஷ்டஈடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு மூன்றாவது கடிதம் தயார். இன்று வந்திருப்பவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். பேனா பதிவேட்டோடு கட்டியிருக்கிறது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.