மாப்ளைக்கு, நாய்க்குட்டி விஷயமாக

ஏற்காடு,
பிப்ரவரி 9

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காபிப் பறிப்பு கடைசிச் சுற்று. களத்தில் காய்கிற கொட்டையை விட்டு நகர முடியவில்லை. மினசோட்டாவில் முழங்கால் அளவு பனி, அதற்கு நடுவே பத்து வார லேப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறேன், செப்டம்பர் கடைசியில் வாத்து வேட்டை சீசன் தொடங்குவதற்குள் சுட்ட வாத்தைக் கவ்விவரத் தயாராகிவிடுமா என்று கேட்டிருக்கிறாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அஸ்தம்பட்டியில் தெருநாய் குரைத்தால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சுற்றுவழியில் காலேஜுக்கு வந்தவன் நீ!

இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒடுங்கி, 1991 திருத்தத்தோடு முடிந்த கதை. கவுதாரி, காட்டுக்கோழி எதையும் சுடக் கூடாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனால் அப்பா கணக்கு எழுதிய எஸ்டேட்டில் துரை ஒரு லேப்ரடார் வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? துப்பாக்கி சுவரில் ஏறிய பிறகும் அந்தக் கிழம் தன் உத்தியோகத்தை விடவில்லை. கீழே விழுந்த பட்டர் ஃப்ரூட்டை ஒவ்வொன்றாகக் கவ்விவந்து ஆபீஸ் படிக்கட்டில் வைக்கும். தோலெல்லாம் எச்சில் வழியும், ஒரு பல் தடம் இருக்காது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இப்போது என் வீட்டில் ஏழு மாசக் குட்டியாக, மிளகு என்ற பேரில் ஓடிக்கொண்டிருக்கிறது. சுடுவதற்குப் பறவை கிடையாது, கவ்விவரும் வித்தையை மட்டும் பழக்குகிறேன். உன் குட்டியைவிட நாலைந்து மாசம் முன்னால் போகிறவன் என்பதால் என் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீட்டு நடையில் ஆரம்பி. எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு முனையில் தரையில் உட்கார். சுருட்டிக் கட்டின காலுறையை எறி. குட்டி பாய்ந்து போய் எடுக்கும். அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ரத்தத்தில் இருக்கிறது. எடுத்ததைக் கொண்டுவர அதற்கு உன் பக்கம் தவிர வேறு வழி இருக்கக் கூடாது, அதற்குத்தான் நடை. வந்ததும் வாயிலிருந்து பிடுங்காதே. நெஞ்சைத் தடவிக்கொடு, கொஞ்ச நேரம் பெருமையாகக் கவ்விக்கொண்டு நிற்கட்டும், பிறகு வாங்கு. மூன்று எறி, அவ்வளவுதான். இன்னும் வேண்டும் என்று அது துள்ளும்போதே காலுறையை அலமாரியில் வைத்துப் பூட்டு.

நான் என்ன செய்தேன்? மூன்று மாசக் குட்டி அழகாகக் கொண்டுவருகிறதே என்ற குஷியில், மச்சான் வந்திருந்த அன்று அவருக்குக் காட்டப் பதினைந்து தடவை எறிந்தேன். பதினாறாவது தடவை மிளகு காலுறையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, படுத்துக்கொண்டது. ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதற்கு முன்பே செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியபோது காபிச் செடிக்குள் துரத்தி வேறு விளையாட்டுக் காட்டியிருந்தேன். நாம் துரத்தினால் அதற்கு ஓடுவதுதான் விளையாட்டு. நாம் எதிர்ப்பக்கம் ஓடினால் அது பின்னாலேயே வரும். வயசுக்கு இது முட்டிவலி, ஆனாலும் ஓடு.

நாலரை மாசம் இருக்கும்போது ஒருநாள் வாங்கின காலுறையில் ரத்தப் பொட்டு. விரித்துப் பார்த்தால் நூலில் சிக்கி, அரிசிக் குருணை மாதிரி ஒரு பால்பல். அன்றோடு எறிவதை நிறுத்தினேன். பல் விழுந்து முளைக்கிற காலத்தில் ஈறு வலிக்கும். அந்த வலியோடு எடுக்க வைத்தால் எறிந்து பழக்குகிற டம்மிப் பொருள் என்றாலே வலி என்று மனசில் பதிந்துவிடும். ஆறு மாசத்துக்கு மேல் மறுபடி தொடங்கினோம். இழுபறி விளையாட்டு எப்போதுமே வேண்டாம், வாய் இறுகிவிடும்.

இனி இறகு. உங்கள் ஊரில் டம்மியில் வாத்து இறக்கை கட்டிப் பழக்கி, அப்புறம் செத்த புறா, அதற்கும் பிறகுதான் உயிருள்ளது என்று போவார்கள். அந்த வரிசையை மாற்றாதே. படபடவென்று அடிக்கிற பறவையை முதலிலேயே காட்டினால் குட்டி மிரளும், இல்லையென்றால் நறுக்கென்று கடித்துப் பழகும். நான் நாட்டுக்கோழி இறகைக் கட்டினேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். போன வாரம் பக்கத்து லைன் வீட்டுக் கோழிக்குஞ்சு ஒன்று மிளகின் வாயில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கையில் வாங்கிக் கீழே விட்டேன். குஞ்சு ஒரு சிலுப்பு சிலுப்பிவிட்டுக் கீச்சிட்டுக்கொண்டே வேலிக்குள் ஓடியது, ஒரு கீறல் இல்லை. மிளகைத் திட்டவும் முடியாது, கொண்டுவந்ததற்குத் திட்டினால் அடுத்த தடவை கொண்டுவராது. திட்டெல்லாம் எனக்கு விழுந்தது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் அடுப்படியிலிருந்தும்.

சத்தம் விஷயத்தில்தான் உனக்கு ஜாக்கிரதை வேண்டும். தீபாவளிக்குக் கன்னங்குறிச்சியில் மச்சான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். தெருவில் ஒரு அணுகுண்டு. அவ்வளவுதான், கட்டிலுக்கடியில் போனது மறுநாள் மத்தியானம் வரை வரவில்லை. திரும்ப வழிக்குக் கொண்டுவர இரண்டு மாசம் ஆனது. அது சோற்றுத் தட்டில் தலையை விட்டிருக்கும்போது தூரத்தில் டம்ளரைத் தட்டுவோம், காதைத் தூக்கினால் இன்னும் தூரம் போவோம், தின்றுகொண்டே இருந்தால் ஒரு எட்டு கிட்ட வருவோம். துப்பாக்கிக்குப் பயப்படுகிறதா பார்ப்போம் என்று சுடுகிற இடத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதே.

தண்ணீருக்கு அவசரமில்லை, உன் ஏரியெல்லாம் உறைந்துதானே கிடக்கும். வெதுவெதுப்பாகட்டும், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நீ முதலில் இறங்கு. தூக்கிப் போடாதே. இதன் பாட்டன் பூட்டனெல்லாம் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலை இழுத்து, நழுவின மீனைப் பிடித்துக்கொண்டிருந்த நாய்கள். துப்பாக்கிக்காரர் கைக்கு வந்தது இங்கிலாந்து போன பிறகுதான். நீச்சல் தானாக வரும்.

செப்டம்பர் கடைசிக்கு உன் குட்டிக்குப் பதினோரு மாசம்கூட நிரம்பாது. கூட்டிப்போ, பக்கத்தில் உட்காரவை, மற்ற நாய்கள் வேலை செய்வதைப் பார்க்கட்டும். ஒன்றிரண்டு சுலபமாகக் கிடைத்தால் அனுப்பு. மற்றது அடுத்த வருஷம்.

மே மாசம் மலர்க் கண்காட்சிக்கு வருகிறாய் அல்லவா? தட்டுவடை செட் என் செலவு. வரும்போது நாய் பழக்குகிற கொம்பு விசில் ஒன்று வாங்கிவா. உங்கள் கணக்கில் ஒரு நீள விசிலுக்கு உட்கார வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் வர வேண்டும். நான் அதைக் கண்டக்டர் விசிலில் பழக்கித் தொலைத்தேன். இப்போது சேலம் பஸ் கீழே ஸ்டாப்பில் நின்றால் மிளகு எங்கிருந்தாலும் உட்கார்ந்துவிடுகிறது. ரெண்டு விசில் கொடுத்தால் பஸ்ஸை நோக்கி ஓடுகிறது. நேற்று படியில் ஏறியே விட்டது. கண்டக்டர் டிக்கெட் கேட்கிறார்.

உன்,
கடைசி பெஞ்ச்